தாத்தாவின் ஊர், பேரனின் சீருடை

2024 செப்டம்பர் 7 அன்று டப்ளின் நகரில் அயர்லாந்து, இங்கிலாந்து கால்பந்து அணிகள் மோதின. ஐரோப்பிய நாடுகள் லீக் தொடரின் அந்த ஆட்டத்தில் இங்கிலாந்து 2-0 என்ற கோல் கணக்கில் வென்றது. முதல் கோலை அடித்தவர் டெக்லன் ரைஸ். இரண்டாவது கோலை அடித்தவர் ஜாக் கிரீலிஷ். பந்து இவ்விருவரின் காலுக்கு வந்தபோதெல்லாம் உள்ளூர் ரசிகர்கள் கூச்சலிட்டு வெறுப்பைக் காட்டினர். கோல் அடித்த பின்னும் ரைஸ் அதைக் கொண்டாடவில்லை.

எதிரணியில் பதினோரு பேர் இருக்க, இந்த இருவர் மீது மட்டும் ஏன் இத்தனை கோபம்? இருவருமே முன்பு அயர்லாந்தின் பச்சைச் சீருடையை அணிந்தவர்கள். லண்டனில் வளர்ந்த ரைஸின் தந்தைவழித் தாத்தாவும் பாட்டியும் அயர்லாந்தின் கார்க் பகுதியைச் சேர்ந்தவர்கள். அவர் 2018-இல் அயர்லாந்தின் முதன்மை அணிக்காக மூன்று நட்புமுறை ஆட்டங்களில் ஆடினார். 2019-இல் இங்கிலாந்து அணிக்கு மாறிக்கொண்டார். பர்மிங்காமில் பிறந்த கிரீலிஷ், அயர்லாந்தின் மரபு விளையாட்டான கேலிக் கால்பந்தைச் சிறுவயதில் ஆடியவர். அயர்லாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணியிலும் இடம்பெற்றவர். 2015-இல் அவர் இங்கிலாந்தைத் தேர்ந்தெடுத்தார்.

ஒருவர் இரண்டு நாடுகளுக்கு ஆட முடியுமா, அதற்குத் தாத்தா பிறந்த ஊர் எப்படிச் சான்றாகும் என்ற கேள்விகள் இயல்பாக எழுகின்றன. இரட்டைக் குடியுரிமையை ஏற்காத இந்தியாவிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விந்தையாகவே தோன்றும். விளையாட்டு விதிகளில் மட்டும் விடை தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி அயர்லாந்தின் மக்கள்தொகை வரலாற்றில் இருக்கிறது.

மக்கள்தொகைப் பொருளியல் வகுப்பில் அயர்லாந்தைப் பற்றி ஒரு கேள்வியை மாணவர்களிடம் கேட்பது என் வழக்கமாக இருந்தது. 1841-இல் இருந்ததை விட இன்று குறைவான மக்கள் வாழும் ஐரோப்பிய நிலப்பகுதி எது? போரில் அழிந்த ஏதோ ஒரு நாட்டின் பெயரையே பெரும்பாலும் சொல்வார்கள். விடை அயர்லாந்துத் தீவு. 1841 கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 82 லட்சம். இன்று அயர்லாந்து குடியரசையும் வடக்கு அயர்லாந்தையும் சேர்த்தாலும் சுமார் 70 லட்சம்தான்.

1845-இல் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோயும், அதைத் தொடர்ந்த மகாபஞ்சமும் சுமார் பத்து லட்சம் பேரின் உயிரைப் பறித்தன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். பஞ்சம் முடிந்த பின்னும் வெளியேற்றம் நிற்கவில்லை. அது ஒரு சமூக வழக்கமாகவே நிலைத்துவிட்டது. நிலம் ஒரு மகனுக்கு, மற்ற பிள்ளைகளுக்குப் பயணச்சீட்டு என்பதே கிராமப்புறக் குடும்பங்களின் கணக்கு. விடுதலைக்குப் பின்னும் நிலைமை மாறவில்லை. 1950-களில் மட்டும் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் வெளியேறினர். 1961-இல் அயர்லாந்து குடியரசின் மக்கள்தொகை 28 லட்சமாகச் சுருங்கியது. இறக்குமதித் தடைகளுக்குள் முடங்கியிருந்த பொருளாதாரத்தை உலகுக்குத் திறக்க வேண்டும் என்று நிதித்துறைச் செயலர் டி.கே. விட்டேக்கர் 1958-இல் அளித்த அறிக்கை இந்தச் சூழலில் பிறந்ததுதான்.

1950-களில் வெளியேறியவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்தின் தொழில் நகரங்களுக்கே சென்றனர். ஆண்கள் சாலை போட்டனர், கட்டடம் கட்டினர். பெண்கள் மருத்துவமனைகளில் செவிலியராயினர். லண்டன், லிவர்பூல், மான்செஸ்டர், பர்மிங்காம், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ஆகிய நகரங்களில் அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்தனர். உழைக்கும் மக்களின் தெருக்களில் பிறந்த அந்தப் பிள்ளைகளுக்கு எளிதில் வாய்த்த விளையாட்டு கால்பந்து. அயர்லாந்து அணியின் பிற்கால வரலாறு அந்தத் தெருக்களில்தான் தொடங்குகிறது.

அயர்லாந்தின் குடியுரிமைச் சட்டம் இந்த இழப்பை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது எனலாம். பெற்றோரில் ஒருவர் அயர்லாந்தில் பிறந்த அயர்லாந்துக் குடிமகனாக இருந்தால், பிள்ளை உலகின் எந்த மூலையில் பிறந்தாலும் பிறப்பிலேயே அயர்லாந்துக் குடிமகன்தான். தாத்தா, பாட்டி நால்வரில் ஒருவர் அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால், வெளிநாட்டுப் பிறப்புகளுக்கான பதிவேட்டில் பெயரைப் பதிவுசெய்து குடியுரிமை பெறலாம். சென்றவர்களை நாடு தன் கணக்கிலிருந்து நீக்கவில்லை என்பதே இதன் பொருள். 1990-இல் குடியரசுத் தலைவரான மேரி ராபின்சன், தம் மாளிகையின் சமையலறைச் சன்னலில், கடல்கடந்து வாழும் அயர்லாந்து மக்களின் நினைவாக அணையா விளக்கொன்றை வைத்தார். சட்டம் பதிவேட்டில் செய்ததை அவர் சன்னலில் செய்தார்.

கால்பந்து அணி இந்தச் சட்டத்தை மெதுவாகவே பயன்படுத்தத் தொடங்கியது. மான்செஸ்டரில் பிறந்த ஷே பிரென்னன் 1965-இல், பெற்றோரின் பிறப்பிடத்தைக் கொண்டு அயர்லாந்து குடியரசு அணியில் இடம்பெற்ற முதல் வீரரானார். 1979-இல் கிறிஸ் ஹியூட்டன் வந்தார். லண்டனில் பிறந்தவர், தாய் அயர்லாந்துப் பெண், தந்தை கானா நாட்டவர். அயர்லாந்து அணியில் ஆடிய முதல் கறுப்பின வீரர் அவரே.

1986-இல் ஜாக் சார்ல்டன் அணியின் மேலாளரானார். இவர் 1966-இல் உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் தடுப்பாட்டக்காரர். அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான பழைய கணக்குகளை அறிந்தவர்களுக்கு, ஓர் ஆங்கிலேயர் இந்தப் பொறுப்புக்கு வந்தது எத்தனை பெரிய செய்தி என்பது புரியும். சார்ல்டனுக்கு உணர்ச்சிப் பூசல்களில் ஈடுபாடு இல்லை. இங்கிலாந்தின் கழகங்களில் ஆடுவோரில் அயர்லாந்துத் தாயோ, தந்தையோ, தாத்தாவோ, பாட்டியோ உள்ளவர்கள் யார் என்று அவர் முறையாகத் தேடினார். அயர்லாந்துக் கால்பந்துச் சங்கத்தின் 'எஃப்.ஏ.ஐ.' என்ற சுருக்கத்தை 'ஃபைண்ட் அனதர் ஐரிஷ்மேன்', அதாவது 'இன்னொரு ஐரிஷ்காரரைத் தேடிப் பிடி' என்று விரித்துக் கேலி பேசினார்கள்.

கேலிக்குக் களத்தில் பதில் கிடைத்தது. 1988 ஜூன் 12 அன்று ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் அயர்லாந்து இங்கிலாந்தை 1-0 என வென்றது. அன்று களமிறங்கிய பதினோரு பேரில் அயர்லாந்தில் பிறந்தவர்கள் நால்வரே. மற்ற எழுவரும் இங்கிலாந்திலோ ஸ்காட்லாந்திலோ பிறந்தவர்கள். ஒரே கோலை அடித்த ரே ஹவுட்டன் கிளாஸ்கோவில் பிறந்தவர். அவருடைய தந்தை டோனிகால் பகுதியிலிருந்து குடிபெயர்ந்தவர். இங்கிலாந்துக்குக் கூலி வேலை தேடிப் போனவர்களின் பிள்ளைகள், இங்கிலாந்தின் மைதானங்களில் கற்ற ஆட்டத்தால் இங்கிலாந்தை வென்றனர்.

1990 உலகக் கோப்பையில் அயர்லாந்து முதன்முறையாக ஆடி, கால் இறுதி வரை சென்றது. ருமேனியாவுக்கு எதிரான ஆட்டத்தில் வெற்றியை உறுதிசெய்த கடைசிப் பெனால்டியை அடித்தவர் டேவிட் ஓ'லியரி. லண்டனில் பிறந்து டப்ளினில் வளர்ந்தவர் அவர். அணியின் தலைவர் மிக் மெக்கார்த்தி யார்க்‌ஷயரின் பார்ன்ஸ்லி நகரத்துக்காரர். தடுப்பரணாக நின்ற பால் மெக்ராத், அயர்லாந்துத் தாய்க்கும் நைஜீரியத் தந்தைக்கும் லண்டனில் பிறந்து, டப்ளினின் அநாதை இல்லங்களில் வளர்ந்தவர். இவர்களில் யாருடைய அயர்லாந்துத்தன்மை முழுமையானது, யாருடையது குறையுடையது என்று யார் அளப்பது? 1996-இல் சார்ல்டனுக்கே அயர்லாந்து கௌரவக் குடியுரிமை வழங்கியது.

பொருளியல் நோக்கில் இதற்கு இன்னொரு விளக்கம் உண்டு. ஒரு குழந்தையைப் பெற்று, உணவும் கல்வியும் தந்து, உழைக்கும் வயதுக்குக் கொண்டுவரும் செலவைப் பிறந்த நாடு ஏற்கிறது. அவர் குடிபெயரும்போது அந்த முதலீட்டின் பலன் வேற்று நாட்டுக்குப் போய்ச் சேர்கிறது. ஒன்றரை நூற்றாண்டு காலம் அயர்லாந்து இப்படி இழந்துகொண்டே இருந்தது. தேசிய அணியைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு தலைகீழானது. வீரரைக் கண்டெடுத்துப் பயிற்றுவித்த செலவு இங்கிலாந்துக் கழகங்களுடையது. பலனில் ஒரு பகுதி அயர்லாந்துக்குத் திரும்பியது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அண்டை நாட்டில் ஆயத்தமான வீரர்கள் கிடைக்கும்போது சொந்த நாட்டின் கழகங்களிலும் பயிற்சிக்கூடங்களிலும் முதலீடு செய்யும் அவசரம் குறைந்துவிடுகிறது. உள்நாட்டு லீக் நெடுங்காலம் நலிந்தே கிடந்தது. திறமையுள்ள சிறுவர்கள் 16 வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டனர். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பின், 2021 முதல் அந்த வழி அடைபட்டுவிட்டது. ஒன்றிய நாடுகளுக்கிடையே மட்டும் 16 வயதில் கழகம் மாற அனுமதிக்கும் ஃபிஃபா விதியின்படி, அயர்லாந்துச் சிறுவன் இங்கிலாந்துக் கழகத்தில் சேர இப்போது 18 வயதுவரை காத்திருக்க வேண்டும். அதுவரை அவனை உள்நாட்டுக் கழகங்கள்தாம் வளர்த்தாக வேண்டும். அடுத்த தலைமுறையின் தாத்தாவை நம்பியிருக்கும் வசதி எப்போதும் கைகொடுக்காது என்ற பாடத்தை அயர்லாந்து தாமதமாகக் கற்றுக்கொண்டிருக்கிறது.

இனி விதிகளுக்கு வருவோம். தேசிய அணியில் ஆட அந்நாட்டின் குடியுரிமை வேண்டும் என்பது ஃபிஃபாவின் அடிப்படை விதி. ஆனால் குடியுரிமையை யாருக்கு வழங்குவது என்பது அந்தந்த நாட்டின் விருப்பம். 2004-இல் கத்தார், தன்னோடு எந்தத் தொடர்பும் இல்லாத பிரேசில் வீரர்களைப் பெரும் பணம் தந்து தன் அணியில் சேர்க்க முயன்றபோது ஃபிஃபா விழித்துக்கொண்டது. வீரர் அந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தாய் தந்தையரில் ஒருவரோ, தாத்தா பாட்டியரில் ஒருவரோ அங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது அவர் குறிப்பிட்ட காலம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்று வரையறுத்தது. விலைக்கு வாங்கிய கடவுச்சீட்டையும் குடும்ப வழி வந்த கடவுச்சீட்டையும் பிரித்தறியும் முயற்சி இது. அயர்லாந்து ஏற்கெனவே பின்பற்றிவந்த தாத்தா கணக்கு, இவ்வாறு உலக விதியாயிற்று.

நட்புமுறை ஆட்டங்களில் ஆடியவர் அந்த நாட்டோடு நிரந்தரமாகப் பிணைக்கப்படுவதில்லை. ரைஸ் மாற முடிந்தது இதனால்தான். இந்த விதி இரு பக்கமும் வெட்டும் கத்தி. இங்கிலாந்தில் வளர்ந்த இளைஞர்களை அயர்லாந்து அழைத்துக்கொள்ளலாம் என்றால், அவர்களில் சிலர் பிறந்த நாட்டையே தேர்வதும் நியாயமே. இங்கிலாந்தின் தலைவர் ஹாரி கேனின் தந்தையும் அயர்லாந்தின் கால்வே பகுதியைச் சேர்ந்தவர்தான். தாத்தாவின் ஊரைச் சொல்லி ஒருவரை வரவேற்றுவிட்டு, பிறந்த ஊரைச் சொல்லி அவர் விடைபெறும்போது துரோகி என்பது பொருத்தமாக இல்லை.

அயர்லாந்துக்கே உரிய இன்னொரு சிக்கல் வடக்கில் இருக்கிறது. 1880-இல் பெல்ஃபாஸ்டில் தொடங்கப்பட்ட சங்கமே தீவு முழுமைக்கும் கால்பந்தை நிர்வகித்தது. 1921-இல் நாடு பிரிக்கப்பட்டபோது டப்ளினில் தனிச் சங்கம் உருவானது. அதன் பிறகும் இரு சங்கங்களும் 'அயர்லாந்து' என்ற பெயரிலேயே தீவெங்கும் வீரர்களைத் தேர்ந்தன. 1950 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் கான் மார்ட்டின் உள்ளிட்ட நால்வர் இரு அணிகளுக்கும் ஆடிவிட்ட வேடிக்கை நடந்த பின்னரே ஃபிஃபா தலையிட்டு எல்லை வகுத்தது.

1998-இல் கையெழுத்தான பெரிய வெள்ளி உடன்பாடு, வடக்கு அயர்லாந்து மக்கள் தம்மை ஐரிஷ் என்றோ, பிரிட்டிஷ் என்றோ, இரண்டும் என்றோ கருதிக்கொள்வதைப் பிறப்புரிமையாக ஏற்றது. முப்பதாண்டு வன்முறைக்கு முடிவு கட்டிய உடன்பாட்டின் வாசகம் அது. அங்குப் பிறந்த சில இளைஞர்கள் குடியரசு அணிக்கு ஆட விரும்பியபோது, தாம் வளர்த்த வீரர்கள் கைநழுவுவதாக பெல்ஃபாஸ்ட் சங்கம் முறையிட்டது. பெல்ஃபாஸ்டில் பிறந்த டேனியல் கேர்ன்ஸ் தொடர்பான வழக்கு, லோசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றம் வரை சென்றது. 2010-இல் தீர்ப்பு கேர்ன்ஸுக்குச் சாதகமாக வந்தது: அவர் பிறப்பிலேயே அயர்லாந்துக் குடிமகன், தெற்கில் பிறந்த தாத்தாவைக் காட்ட வேண்டிய தேவை இல்லை. வடக்கின் டெரி நகரில் பிறந்து, வடக்கு அயர்லாந்தின் இளையோர் அணியில் ஆடிய ஜேம்ஸ் மெக்ளீன், 2012 முதல் குடியரசு அணிக்காக நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடினார். பெல்ஃபாஸ்ட் சங்கத்தின் வருத்தத்தையும் புறந்தள்ள முடியாது. சிறுவயது முதல் பயிற்சியளித்த வீரரை இழப்பது சிறிய அணிக்குப் பெரிய இழப்பு. எனினும், ஒருவர் தன்னை யாரென்று கருதுகிறார் என்பதைப் பயிற்சிச் செலவின் ரசீது தீர்மானிக்க முடியாது.

பிறப்பு, இரத்தம், சட்டம் ஆகிய மூன்றும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு டோனி கஸ்கரினோவின் கதையை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தவர். குடும்பப் பெயர் இத்தாலிய வழி வந்தது. மேயோ பகுதியைச் சேர்ந்த தாய்வழித் தாத்தாவின் பெயரால் 1985-இல் அயர்லாந்து அணிக்கு வந்தார். 88 ஆட்டங்கள் ஆடினார். அவர் ஓய்வுபெற்றபோது அது அயர்லாந்தின் சாதனை. இடையில் 1996-இல் அவருடைய தாய் ஓர் உண்மையைச் சொன்னார். அவர் அந்தக் குடும்பத்தின் தத்துப் பிள்ளை. தாத்தாவுக்கும் பேரனுக்கும் இரத்த உறவு கிடையாது. அந்த இரகசியத்தைச் சுமந்தபடியே ஆடி முடித்த கஸ்கரினோ, 2000-இல் வெளியான தன்வரலாற்றில் அதை வெளிப்படுத்தினார். ஐரிஷ்காரரே அல்லாத ஒருவர் சாதனை படைத்துவிட்டாரே என்று பரபரப்பு எழுந்தது. பின்னர் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தனர். தத்துப் பிள்ளைக்கும் பெற்ற பிள்ளைக்கும் குடியுரிமைச் சட்டம் வேறுபாடு காட்டவில்லை. அவர் தொடக்கம் முதலே தகுதியானவர்தான் என்று சங்கம் உறுதிப்படுத்தியது.

அந்தத் தாயைப் பிள்ளையாக ஏற்று வளர்த்த மனிதரின் அன்பை சட்டம் உறவாக ஏற்றது. மரபணுச் சோதனைகள் மலிந்துவிட்ட இக்காலத்தில் நினைவில் வைக்கத்தக்க செய்தி இது.

இத்தனை பெருந்தன்மையுள்ள சட்டத்தில் ஒரு முரணும் இருக்கிறது. 1990-களின் நடுப்பகுதியில் அயர்லாந்தின் பொருளாதாரம் வேகமெடுத்தது. வரலாற்றில் முதன்முறையாகப் பெரும் எண்ணிக்கையில் மக்கள் அந்நாட்டுக்குள் வரத் தொடங்கினர். 2022 கணக்கெடுப்பின்படி குடியரசில் வாழ்வோரில் ஐந்தில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். இந்த மாற்றத்தின் அச்சம் வெளிப்பட்டது 2004 பொது வாக்கெடுப்பில். அதுவரை தீவில் பிறந்த எவருக்கும் கிடைத்த குடியுரிமைக்கு நிபந்தனை விதிக்க 79 விழுக்காட்டினர் ஆதரவளித்தனர். 2005 முதல், வெளிநாட்டுப் பெற்றோருக்கு அங்கே பிறக்கும் குழந்தை குடியுரிமை பெற, பிறப்புக்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மூன்று ஆண்டுகளாவது பெற்றோரில் ஒருவர் சட்டப்படி அங்கே வாழ்ந்திருக்க வேண்டும்.

இரண்டு சிறுவர்களை எண்ணிப் பார்ப்போம். ஒருவன் லண்டனில் பிறந்து வளர்ந்தவன். அயர்லாந்தைக் கண்ணால் கண்டதில்லை. பாட்டி கார்க்கில் பிறந்தவர். அவன் பதிவேட்டில் பெயரெழுதிப் பச்சைச் சீருடை அணியலாம். மற்றவன் கார்க்கிலேயே பிறந்து, அங்கேயே பள்ளிக்குச் சென்று, அந்த ஊர் உச்சரிப்பில் பேசுபவன். அவன் பிறந்தபோது பெற்றோரின் வசிப்புரிமைக் காலம் சில மாதங்கள் குறைந்திருந்தது. அவன் பிறப்பால் குடிமகன் அல்லன். பின்னாளில் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வழி உண்டு. ஆனால் முதலாமவனுக்கு உரிமையாகக் கிடைப்பது இவனுக்கு விண்ணப்பத்தின் முடிவாகவே கிடைக்கிறது.

களம் இந்த இடைவெளியை ஓரளவு கடந்துவிட்டது. நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்து, எட்டு வயதில் கார்க்குக்கு வந்த சியெடோஸி ஓக்பெனே, 2021-இல் அயர்லாந்து அணியில் ஆடிய முதல் ஆப்பிரிக்காவில் பிறந்த வீரரானார். கேலிக் கால்பந்திலும் அவர் தம் பகுதிக்காக ஆடியவர். காவலர் கேவின் பஸூனு, முன்கள வீரர் ஆடம் ஐடா போன்றோர் நைஜீரியத் தந்தைக்கு அயர்லாந்தில் பிறந்தவர்கள். சார்ல்டன் காலத்து அணி வெளியேறியவர்களின் பிள்ளைகளால் ஆனது. இன்றைய அணி வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு ஆடுகிறது.

அயர்லாந்து மக்கள் புலம்பெயர்தலின் வலியை எவரையும் விட நன்கு அறிந்தவர்கள். லண்டனின் வாடகை விடுதிகளில் தம் முன்னோர் பட்ட அவமதிப்பைக் கதைகளாகக் கேட்டு வளர்ந்தவர்கள். சென்றவரின் பேரனுக்காகச் சன்னலில் விளக்கேற்றிய அந்த நாடு, வந்தவரின் பிள்ளைக்காகக் கதவை இன்னும் சற்றுத் திறந்து வைப்பதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. 2005-க்குப் பின் அங்கே பிறந்த குழந்தைகள் இப்போது இளையோர் அணிகளில் ஆடும் வயதை எட்டிவிட்டனர். அவர்களில் எத்தனை பேருக்குக் கடவுச்சீட்டு தயாராக இருக்கிறது என்பதை, அந்நாட்டின் கால்பந்துச் சங்கத்தை விட நாடாளுமன்றம் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).